குழாயடியும் மொட்டை மாடியும்

வியன்னாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கட்டிய வாடகைக் குடியிருப்புகளில் தண்ணீர் வீட்டுக்குள் வராது. நீண்ட நடையின் ஒரு மூலையில் மாடிக்கு ஒரு குழாய் இருக்கும். அதன் கீழே சுவரோடு பொருத்திய வார்ப்பிரும்புத் தொட்டி. அந்த மாடியில் இருக்கும் அத்தனை குடித்தனமும் குடத்துக்குப் பதில் வாளியோடு அங்கே வந்து நிற்கும். கழிப்பறையும் அதே நடையில்தான், அதுவும் பொது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்தக் குழாயடிக்கு 'பாசேனா' என்று பெயர். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டுக்காரர் வாடகை பாக்கி, யாருடைய மகள் யாரோடு பேசினாள் என்பதெல்லாம் முதலில் பேசப்பட்ட இடம் அது. வெட்டி வம்புக்கு அந்த ஊரில் இன்றும் பாசேனாப் பேச்சு என்றுதான் சொல்கிறார்கள். ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் ஆறேழு பேர் இருப்பார்கள். அது போதாதென்று படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்தவர் ஒருவரும் வந்து தூங்கிவிட்டுப் போவார். பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் செங்கல் சூளைக்கும் பட்டறைக்கும் வந்த கூட்டம். நெருக்கடிக்கும் நாற்றத்துக்கும் நடுவே ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்க அங்கே வழியே இல்லை.

அந்தக் குழாயில் வந்தது என்னவோ ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர். 1873 அக்டோபர் 24 அன்று ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் ஒரு நீரூற்றைப் பீறிடச் செய்து அந்தத் திட்டத்தைத் திறந்துவைத்தார்கள். அதே வருடம் ஊரில் காலரா. கிணற்று நீரை நம்பி இனிப் பிழைக்க முடியாது, மலையிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்று நகரமன்றத்தில் மன்றாடி வென்றவர் எடுவார்ட் சூஸ் என்ற நிலவியல் அறிஞர். மலையிலிருந்து ஊர்வரை நீர் சரிவிலேயே ஓடி வரும்படி வாய்க்கால் அமைந்தது. சூஸை நமக்கு வேறு வழியாகவும் தெரியும்: இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த பழங்கண்டத்துக்கு நம் நாட்டின் கோண்ட்வானாவின் பெயரைச் சூட்டியவர் அவர்தான்.

இன்றைக்கு அடுக்ககம் என்றால் விளம்பரத்தில் முதல் படமே நீச்சல் குளம்தான். நீலத் தண்ணீர், ஓரத்தில் இரண்டு சாய்வு நாற்காலி, தண்ணீருக்குள் ஆளே இல்லை. இந்தக் குளத்துக்குப் பல ஊர்களில் பல பிறப்பு உண்டு. அவற்றில் வியன்னாவில் பிறந்ததை எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஊர்களில் வீட்டை விற்கக் குளம் வெட்டினார்கள். அங்கே மட்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் பேசவைப்பதற்கென்றே வெட்டினார்கள். அந்தக் கதை பாசேனாவில்தான் தொடங்குகிறது.

முதல் உலகப் போர் முடிந்து பேரரசு உடைந்தது. 1919 மே மாதம் பெண்களும் வாக்களித்த நகராட்சித் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. 1922 முதல் வியன்னா தனி மாநிலமாகித் தானே வரி போடும் உரிமையும் பெற்றது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர் அந்த உரிமையை ஒரு சொட்டும் வீணாக்கவில்லை. வேலைக்காரர் வைத்திருந்தால் வரி, கார் இருந்தால் வரி, பந்தயக் குதிரை இருந்தால் வரி. 1923இல் வீட்டுவசதி வரி வந்தது. பெரிய வீட்டுக்காரருக்குப் பெரிய வரி, ஏழைக்குப் பெயரளவில். அந்தப் பணத்தில் 1934க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. கார்ல் எய்ன் வடிவமைத்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒன்றிலேயே 1,382 வீடுகள். கட்டடத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும்.

இந்த வீடுகளில் குழாய் உள்ளே வந்தது. கழிப்பறையும் உள்ளே வந்தது. வாளியோடு நடைக்குப் போக வேண்டிய காலம் முடிந்தது. ஆனால் குழாயடியோடு பேச்சும் போய்விடும் என்பதை நகராட்சியின் கட்டடக் கலைஞர்கள் கவனித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக்குள் இடம் குறைவாகக் கொடுத்துவிட்டு வெளியே பொதுவில் தாராளமாகக் கொடுத்தார்கள். குளியலறை வீட்டுக்குள் கிடையாது, வளாகத்தில் பொதுக் குளியல் கூடம் உண்டு. துணி துவைக்க நீராவியில் ஓடும் பொதுச் சலவைக்கூடம், குழந்தைகள் காப்பகம், நூலகம், எல்லாவற்றுக்கும் நடுவே மரம் வைத்த பெரிய முற்றம். குழாயடி போனது, சலவைக்கூடம் வந்தது. வம்பு இடம் மாறியதே தவிர ஓயவில்லை.

மெய்ட்லிங் பகுதியில் 1920களின் முதல் பாதியில் எழுந்த ஃபுக்ஸன்ஃபெல்ட்ஹோஃப் வளாகத்தின் முற்றத்தில் குழந்தைகளுக்கென்று ஆழமில்லாத ஒரு குளம் கட்டினார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர். சுற்றிலும் நாலு பக்கமும் சன்னல்கள். அம்மாக்கள் அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்து அதட்டலாம். அன்றைய புகைப்படங்களில் குளத்தில் தண்ணீர் தெரியாத அளவுக்குப் பிள்ளைகள் நிற்கிறார்கள். குடியிருப்பின் சொந்தக் குளம் என்ற நம் கதையின் நாயகன் வியன்னாவில் எடுத்த முதல் பிறவி இதுதான் என்பேன். பெரியவர்களுக்கு அப்போது தனிக் குளம் இல்லை. அவர்களுக்கு 1926இல் ஃபேவரிட்டன் பகுதியில் திறந்த அமாலியன்பாட் இருந்தது: ஒரே சமயத்தில் 1,300 பேர் குளிக்கக்கூடிய அரண்மனை போன்ற பொதுக் குளியலகம், திறந்து மூடும் கண்ணாடிக் கூரை. தொழிலாளிக்கு இவ்வளவு படாடோபமா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பொருமினார்கள். இந்தப் பொருமல் நாற்பது ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் காதிலும் விழப்போகிறது.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. அரசுப் படை கார்ல் மார்க்ஸ் ஹோஃபைப் பீரங்கியால் சுட்டது. பிறகு ஹிட்லர், பிறகு இரண்டாம் உலகப் போர், பிறகு இடிபாடு. இந்த இருபது வருடத்தை விரைவாகக் கடந்துவிடலாம், நமக்கு வேண்டியது அதன் விளைவு. குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கு அவசர அவசரமாக வீடு கட்ட வேண்டியிருந்தது. 1960களில் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து அடுக்கி, ஊர்ப் புறத்தில் வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். வீடு முன்னைவிடப் பெரிது. குளியலறை உள்ளே. துணி துவைக்கும் இயந்திரமும் மெல்ல உள்ளே வந்தது. தொலைக்காட்சியும் வந்தது. வெளியே கட்டடங்களுக்கு நடுவில் புல்வெளி, அதில் விளையாடக் கூடாது என்று ஒரு பலகை.

இப்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. மின்தூக்கியில் பார்த்தால் ஒரு வணக்கம், அதுவும் பெயருக்கு முன் பட்டம் வைத்து. வியன்னாக்காரர்களுக்குப் பட்டத்தில் இருக்கும் மோகம் ஊரறிந்தது; டாக்டர், இன்ஜினியர், மாஜிஸ்டர் என்று கதவுப் பலகையில்கூடப் போட்டுக்கொள்வார்கள். தண்ணீருக்கு நிற்க வேண்டாம் என்ற வசதியோடு யாரிடமும் பேச வேண்டாம் என்ற வசதியும் சேர்ந்தே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையானால் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே ஒரு தோட்டம், ஒரு குடில், ஓர் ஏரிக்கரை என்று கிளம்பிவிடுவார்கள். வீடு வார நாளில் தூங்க மட்டும்.

ஹாரி குளுக் காட்சிக்கு வருவது இங்கே. 1925இல் வியன்னாவிலேயே பிறந்தவர். கட்டடக் கலைக்கு வருமுன் நாடக மேடை வடிவமைப்பில் இருந்தவர். மேடை போடுகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு: பாத்திரங்கள் எங்கே சந்தித்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கதவையும் படிக்கட்டையும் வைப்பார். குளுக்கின் கட்டடங்களைப் பார்த்தால் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பணம் ஒரு தடையாக இல்லாதவர்கள் எந்தக் காலத்திலும் எப்படி வாழ்ந்திருக்கிறார்கள்? மரத்துக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில், தூரம்வரை கண் போகும் இடத்தில், வேண்டும்போது நாலு பேரோடு கூடிப் பேச வசதியோடு. ரோமானியச் சீமானின் மாளிகையானாலும் ஆங்கிலேயப் பிரபுவின் பண்ணை வீடானாலும் இவை மாறுவதில்லை. அப்படியானால் மனிதருக்கு வேண்டியது இவைதான், இவற்றை வாடகை வீட்டுக்காரருக்கும் கொடுத்தாக வேண்டும் என்றார். பெருந்தொகை மக்களுக்குப் பெருமளவு மகிழ்ச்சி என்ற ஜெரமி பெந்தமின் கொள்கையை அவர் வெட்கமில்லாமல் தன் கட்டடங்களின் மேல் ஏற்றிச் சொன்னார். கட்டடக் கலைஞர்கள் வடிவத்தைப் பற்றியும் தத்துவத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர் சந்தைக்குப் போகிற குடும்பத்தலைவி மாதிரிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கில்தான் நீச்சல் குளம் பிறந்தது. அரசு உதவியோடு கட்டும் வீட்டுக்குச் செலவு உச்சவரம்பு உண்டு, அதை மீற முடியாது. எனவே வேறெங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும். குளுக் கட்டடத்தை அகலமாக்கினார். நடுவே ஒரே நடை, இரு பக்கமும் வீடுகள். ஒரு படிக்கட்டும் சில மின்தூக்கிகளும் ஏராளமான வீடுகளுக்குப் போதும். எல்லா மாடியிலும் ஒரே அமைப்பு, ஒரே அச்சு; வேலை வேகமாக நடக்கும். அகலம் கூடினால் கட்டடத்தின் வயிற்றுப் பகுதியில் வெளிச்சம் வராத இருட்டு இடம் மிஞ்சும். இன்னொருவராக இருந்தால் அதைக் குறையாகப் பார்த்திருப்பார். குளுக் அங்கே சாமான் அறை, பொழுதுபோக்கு அறை, சானா, குளிர்காலத்துக்கான உள்நீச்சல் குளம் என்று நிரப்பினார். இவற்றுக்குச் சன்னல் எதற்கு? மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறு பங்கு மொட்டை மாடிக்கு ஏறியது.

மொட்டை மாடி ஏன் என்பது முக்கியம். கீழே தரையில் வெட்டினால் பூங்காவுக்கான இடம் போகும், கட்டடத்தின் நிழல் விழும், எல்லா வீட்டுச் சன்னலும் நீந்துகிறவரை முறைத்துப் பார்க்கும். உச்சியில் நாள் முழுக்க வெயில். வியன்னா காடுகள் வரை கண் போகும். பல ஊர்களில் அந்த உச்சி இருப்பதிலேயே அதிக விலைக்கு விற்கும் இடம். அங்கே ஒரே ஒரு கோடீஸ்வரர் குடியிருப்பார். அந்த இடத்தைக் கீழ்த்தள வாடகைக்காரர் உட்பட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைத்தது குளுக்கின் துணிச்சல். குளத்தைவிட அது இருக்கும் இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எடையையும் யோசிக்க வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஒரு சிறிய குளத்தை வைத்துக்கொண்டாலே 75 டன். ஆயிரம் பேர் ஒரே மூலையில் கூடி நிற்பதற்குச் சமம், அதுவும் இறங்காமல் வருடம் முழுக்க. வீடுகளைப் பிரிக்கும் கான்கிரீட் குறுக்குச் சுவர்கள் அடித்தளம்வரை நேராக இறங்கினால்தான் அந்தப் பாரத்தைத் தாங்கி மண்ணில் சேர்க்க முடியும். ஒரே அமைப்பை எல்லா மாடியிலும் திரும்பத் திரும்பப் போட்டதன் இன்னொரு பலன் இது. ஒழுகினால் என்ன ஆகும் என்று கேட்காத அதிகாரி இருந்திருக்க மாட்டார். மேல்மாடி வீட்டுக்காரர் தலைக்கு மேல் ஒரு குளம் என்றால் யாருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும்.

ஃபேவரிட்டனில் இன்சர்ஸ்டார்ஃபர் தெருவில் 1970களின் முதல் பாதியில் எழுந்த குடியிருப்பில் குளுக் இதைச் செய்து பார்த்தார். கட்டியது கேசிபா, 1921இல் குடியேற்ற இயக்கத்துக்காகத் தொடங்கிய நகராட்சியின் பொதுநலக் கட்டுமான நிறுவனம். படிக்கட்டுப் படிக்கட்டாகப் பின்வாங்கும் மாடங்களில் செடிகள், உச்சியில் குளம். பிறகு நடந்ததைத்தான் குளுக் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். குடிவந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரே நடையில் எதிரெதிர் கதவாக இருந்தும் முகம் தெரியாதவர்கள் குளக்கரையில் துண்டு விரித்து அறிமுகமானார்கள். சமூகவியலாளர் குர்ட் ஃபிரைசிட்சரோடு சேர்ந்து 1979இல் அவர் சமூக வீட்டுவசதி பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் வாதத்தின் இன்னொரு முனை இன்றைக்கும் கூர்மையாக இருக்கிறது: வீட்டிலேயே மரமும் தண்ணீரும் கிடைத்தால் வார இறுதியில் கார் எடுத்துக்கொண்டு ஓடுவது குறையும். அதாவது மொட்டை மாடிக் குளத்தின் செலவைப் பார்க்கிறவர்கள் அது மிச்சப்படுத்தும் சாலையையும் பெட்ரோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை பெரிதாக வளர்ந்த இடம் ஊரின் தெற்கே லீசிங் பகுதியில் இருக்கும் வோன்பார்க் ஆல்ட்டர்லா. 1973இல் தொடங்கி 1985இல் முடிந்தது. குளுக்கோடு வேறு கட்டடக் கலைஞர்களும் உழைத்தார்கள். ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்தில் மூன்று கட்டட வரிசைகள், 27 தளம் வரை உயரம், 3,200க்குச் சற்றுக் குறைவான வீடுகள், ஒன்பதாயிரத்துக்கும் மேல் மக்கள். பன்னிரண்டாம் தளம் வரை ஒவ்வொரு வீட்டுக்கும் மண் நிரப்பிய பெரிய தொட்டியோடு மாடம். அதற்கு மேல் நேர்ச்சுவர். பள்ளி, கடைவளாகம், மருத்துவர், தேவாலயம் எல்லாம் உள்ளேயே. உச்சியில் ஏழு நீச்சல் குளங்கள். கட்டடத்தின் வயிற்றில் இன்னும் ஏழு.

ஆல்ட்டர்லாவில் கோடை மாலையில் மின்தூக்கியில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். எட்டாம் தளத்தில் கதவு திறக்கிறது. குளியல் அங்கியும் ரப்பர் செருப்புமாக ஒருவர் ஏறுகிறார், தோளில் துண்டு. பதினாறாம் தளத்தில் காற்றடைத்த வாத்தோடு ஒரு சிறுமியும் அவள் பாட்டியும். இவர்களுக்கு நடுவே அலுவலகப் பையோடு கோட்டு சூட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், கூச்சம் அவருக்குத்தான். வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கை. அங்கே குடியிருப்பவருக்கு இது அன்றாடம். குளியல் அங்கியில் நிற்கும் மனிதரை டாக்டர் என்று அழைத்து வணக்கம் சொல்வது வியன்னாக்காரராலும் முடியாது. பட்டம் கீழே கதவுப் பலகையிலேயே தங்கிவிடுகிறது. மேலே போனதும் தண்ணீர் குளிராக இருக்கிறதா என்ற கேள்வி, அதிலிருந்து மகன் பள்ளிக்கூடம், குழாய் ரிப்பேர்காரர், நிர்வாகத்தின் மீதான புகார். பேச்சு பழைய பாசேனாவுக்கே திரும்பிவிடுகிறது.

அந்தப் பேச்சு சும்மா போகவில்லை. ஆல்ட்டர்லாவின் இருட்டு அறைகளில் சுமார் முப்பது சங்கங்கள் முளைத்தன. குடியிருப்போர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக் குழு ஒன்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்கிறது. எல்லாம் குளத்தால்தான் என்று சொன்னால் மிகை. குளத்தில் முகம் பழகியவர்களுக்குக் கூட்டத்துக்கு வருவது எளிது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டடக் கலை உலகம் குளுக்கை நெடுங்காலம் மதிக்கவில்லை. தானியக் கிடங்கு மாதிரி இருக்கிறது, அழகுணர்ச்சி இல்லை, ஒரே அச்சு என்றெல்லாம் ஏச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஏச்சில் நியாயம் இருக்கிறது. அந்த மூன்று வரிசைகளும் மலைத் தொடர் மாதிரி வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் குடியிருப்பவர்களிடம் கேட்ட ஆய்வுகளில் ஆல்ட்டர்லா உச்சத்தில் நின்றது. வீடு காலியாவது அபூர்வம், அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே தனி வீடு கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். 2016இல் குளுக் இறந்தபோது பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருந்தார். பரிசுக் கேடயம் குறைவு.

இதே குளம் வேறு ஊர்களில் வேறு குணத்தோடு பிறந்தது. நியூயார்க்கில் 1930ஐ ஒட்டி எழுந்த லண்டன் டெரஸ் என்ற மாபெரும் அடுக்ககத்தில் 75 அடி நீளத்தில் உள்நீச்சல் குளம் உண்டு. வாயில்காப்போருக்கு லண்டன் போலீஸ் மாதிரி உடை. பங்குச்சந்தை சரிந்த நேரத்தில் வாடகைக்காரரைப் பிடிக்க வீசிய தூண்டில் அது. மார்சேயில் லெ கொர்பூசியே 1952இல் முடித்த 337 வீட்டுக் கட்டடத்தின் உச்சியிலும் தண்ணீர் உண்டு, ஆனால் குழந்தைகள் கால் நனைக்கும் அளவுக்கு.

அமெரிக்கப் புறநகர்க் கதை கசப்பானது. லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில் அக்கம்பக்கத்தாருக்கென்று ஒன்பது குளங்கள் கட்டினார்கள். குடியிருப்பு ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவருக்கு வீடே கிடையாது என்று எழுதியிருந்ததால் குளத்தில் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. மற்ற ஊர்களில் நகராட்சிக் குளங்களில் கறுப்பினத்தாரை அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கியதும், வெள்ளையர் பலர் தங்கள் தெருவுக்கென்று சங்கம் வைத்துத் தனிக் குளம் வெட்டிக்கொண்டார்கள். தண்ணீர் விஷயத்தில் இந்த வெறி ஏன் கூடுதலாக இருந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர் ஜெஃப் வில்ட்சி ஒரு காரணம் காட்டுகிறார்: 1920களில் ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் நீந்தத் தொடங்கிய பிறகுதான் நிறப் பிரிவினை அங்கே இறுகியது. ஒரே தண்ணீரில் யார் யாரோடு இறங்கலாம் என்ற பயத்தின் இலக்கணம் நமக்கும் புதிதில்லை. கிணற்றடியில் அதை நாம் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம்.

வர்ஜீனியாவில் லிட்டில் ஹன்டிங் பார்க் என்ற சங்கம் அந்தப் பகுதிவாசிகளுக்காகக் குளமும் பூங்காவும் நடத்தியது. பங்கு வாங்கியவர் வீட்டை வாடகைக்கு விட்டால் உறுப்புரிமையை வாடகைக்காரருக்கு மாற்றிக் கொடுக்கலாம், நிர்வாகக் குழு ஒப்புதல் மட்டும் வேண்டும். வழக்கமாக அது சடங்குதான். 1965இல் ஒரு பங்குதாரர் கறுப்பினக் குடும்பத்துக்கு வீட்டை விட்டார். குழு ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்த்துக் கேட்ட அந்த வெள்ளைக்காரப் பங்குதாரரையும் வெளியே தள்ளியது. 1969இல் உச்ச நீதிமன்றம், 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தைக் காட்டி, இது தனியார் சங்கமே இல்லை, அந்த ஊரில் குடியிருப்பதன் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. 1973இல் மேரிலாந்தின் வீட்டன் ஹேவன் குளம் பற்றிய வழக்கிலும் அதே முடிவு, இம்முறை ஒருமனதாக. முக்கால் மைல் சுற்றளவுக்குள் வீடு வாங்கியவர் என்ற ஒரே தகுதியில் சேர்த்துக்கொள்ளும் குளம், தோல் நிறம் கண்டதும் தனிச் சங்கம் ஆகிவிட முடியாது என்றார்கள். அதே 1973இல்தான் வியன்னாவில் ஆல்ட்டர்லாவுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

குளத்தைப் பங்கிடுவது மற்றதைப் பங்கிடுவது போல இல்லை என்பதற்கு வேதியியலும் சாட்சி. குளத்தருகே மூக்கில் ஏறும் நெடியைக் குளோரின் என்று நினைக்கிறோம். தனிக் குளோரினுக்கு அவ்வளவு நெடி இல்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமைன்தான் மூக்கை அரிக்கிறது, கண்ணைச் சிவக்கவைக்கிறது. நெடி கூடினால் மருந்து அதிகம் என்று பொருளில்லை, யாரோ பலர் குளிக்காமல் இறங்கியிருக்கிறார்கள். எனவேதான் உலகத்தின் எல்லாக் குடியிருப்புக் குளத்திலும் முதல் விதி, இறங்குமுன் சோப்பு போட்டுக் குளி. எல்லா இடத்திலும் அதிகம் மீறப்படுவதும் அதுவே. அடுத்த சண்டை சத்தம்: பிள்ளைகள் குதிப்பது பிள்ளையில்லாதவருக்கு ஆகாது. அதற்கடுத்தது காசு. நீந்தாத நான் ஏன் பராமரிப்புச் செலவு கொடுக்க வேண்டும்?

ஆஸ்திரியாவில் பொது வசதிகளின் நடைமுறைச் செலவைப் பொதுவாக வீட்டின் பரப்பளவுக்கு ஏற்ப எல்லோருக்கும் பிரித்துவிடுகிறார்கள். நீந்தினாலும் ஒன்று, கரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தாலும் ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வைத்தால் கணக்கு நியாயமாகத் தெரியும், ஆனால் நீந்தத் தெரியாத கிழவரும் கிழவியும் மேலே வருவது அன்றோடு நின்றுவிடும். குளுக்கின் குளத்துக்கு அவர்கள்தான் முக்கியமான ஆட்கள். எல்லோரையும் தெரிந்துவைத்திருப்பவர்கள் அவர்கள்.

குளுக்கின் யோசனையை அடுத்த தலைமுறை தன் வழியில் எடுத்துக்கொண்டது. பென்சிங் பகுதியில் பேரரசுக் காலத்தில் சவப்பெட்டி செய்த ஆலை ஒன்று மூடிக் கிடந்தது. நகராட்சிக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாத சில குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து அந்த நிலத்தில் தங்களுக்குத் தாங்களே ஒரு குடியிருப்பைக் கட்டிக்கொண்டன. 1996இல் குடியேறினார்கள். பெயரை மாற்றாமல் சார்க்ஃபாப்ரிக், சவப்பெட்டி ஆலை என்றே வைத்துக்கொண்டார்கள். அங்கே குளம் மொட்டை மாடியில் இல்லை. கட்டடத்தின் அடியில் குளியல் இல்லமாக இருக்கிறது, அக்கம்பக்கத்துத் தெருவாசிகளும் உறுப்பினராகச் சேரலாம். இதற்குப் பணம் எப்படி வந்தது என்பது சுவையானது. வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்று விதி. இவர்கள் தங்கள் கட்டடத்தைக் குடியிருப்பு என்று பதியாமல் விடுதி என்று பதிந்துகொண்டார்கள். விடுதி என்றால் சில நிறுத்துமிடங்கள் போதும். கார்களுக்காகத் தரைக்கடியில் தோண்ட வேண்டிய பணம் மிஞ்சியது. அதைப் பொது வசதிகளில் போட்டார்கள்.